கார்பன் துணி மேல் கிளியர் கோட்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

பைக் டேங்க் கவர், மட்கார்டு, கார் டேஷ்போர்டு பட்டை, கிடார் உடம்பு என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளின் மேல் அழகுக்காக ஒட்டிய நிஜக் கார்பன் துணிக்கான குறிப்பு இது. கார்பன் ஸ்டிக்கருக்கு இது பொருந்தாது. கறுப்புச் சாயம் கலந்த எபாக்சி (ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் கலந்து பூசுவது) அடிப்பூச்சு, அதன்மேல் துணி, அதன்மேல் மூன்று நான்கு கோட் கிளியர் எபாக்சி, கடைசியில் டூகே கிளியர் (ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரு பாகக் கிளியர்) என்ற வரிசையில் வேலை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"மேலே இன்னொரு கோட் அடிச்சா மறைஞ்சிடாதாண்ணே?" பொருளைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கும்போதே பாதிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். மறையாது. கண்ணுக்குத் தெரிவது மேல் கோட்டில்; கோளாறு பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும் கோட்டில். காரணம் தெரியாமல் மேலே பூசினால், பிறகு தேய்த்து எடுக்கவேண்டிய கனம்தான் கூடும்.

## எதற்கும் முன்னால்: ஈரத்துணிச் சோதனை

சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அதே நேரம் விரலாலும் தடவுங்கள்.

- ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால்: கோளாறு மேற்பரப்பில். கீறல், பொடி பூத்தது, தேய்ப்பில் லேசாகத் திறந்துகொண்ட நார். கை வேலையில் சரியாகும்.
- ஈரத்திலும் மறையாவிட்டால்: உள்ளே காற்றோ, ஒட்டாத இடமோ இருக்கிறது. மேலே எது பூசினாலும் போகாது.
- விரல் சோப்புத் தண்ணீரில் வழுக்குவதுபோல் வழுக்கினால்: கீழே "பால் போன்ற மங்கல்" பகுதிக்குப் போங்கள்.

## ரெசின் இறுகவில்லை, விரல் ஒட்டுகிறது

முதலில் குளிர். மார்கழி இரவில் திறந்த கொட்டகையில் வைத்த பொருள் மெதுவாகத்தான் இறுகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நேற்றைவிடக் கெட்டியாக இருந்தால், வெதுவெதுப்பான அறையில் இன்னொரு நாள் விடுங்கள்.

அங்கங்கே மட்டும் ஒட்டினால் கலக்கியது போதவில்லை. கோப்பையின் ஓரத்திலும் அடியிலும் கலக்காமல் தங்கிய ரெசினை வழித்து ஊற்றிய இடம் அது. கலக்கியதை வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி, இன்னொரு முறை கலக்கிவிட்டுப் பூசினால் இது வராது.

முழுக்க ஒட்டினால் அளவு தவறு. ரெசின் 100-க்கு ஹார்ட்னர் 30 என்று புட்டியில் எடைக் கணக்கு போட்டிருக்க, மூடியால் அளந்து ஊற்றுவார்கள். ஹார்ட்னர் ரெசினைவிட எடை குறைந்தது. எடைக் கணக்கைக் கொள்ளளவாக அளந்தால் ஹார்ட்னர் குறையும். தராசும் கைவிடும். 20 கிராம் கலவைக்கு ஹார்ட்னர் 4.6 கிராம்தான் வேண்டும். ஒரு கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு அதை 4 என்றும் காட்டும், 5 என்றும் காட்டும். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டாதீர்கள். கூடுதலாக விட்டது உள்ளேயே மிதக்கும், கோட் கடைசிவரை மெத்தென்று இருக்கும்.

இறுகாதது மேல் கோட் மட்டும் என்றால் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுத்து, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் பலமுறை துடைத்து, கீழ்க் கோட்டை 240-ஆம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்துவிட்டுத் திரும்பப் பூசலாம். கறுப்பு அடிப்பூச்சே இறுகாமல் துணி அதன்மேல் மிதக்கிறதா? துணியோடு உரித்துவிடுங்கள். அந்தத் துணியைக் காப்பாற்ற வழியில்லை.

## பால் போன்ற மங்கல், எண்ணெய்ப் படலம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரை ஊர்களில் அதிகம் பார்க்கும் கோளாறு. இறுகும்போது ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் விடும். பார்க்கப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இதன்மேல் பூசும் எந்தக் கோட்டும் நிற்காது. ஆறு மாதம் கழித்து "கிளியர் உரியுது" என்று வருகிற பல உருப்படிகளின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

தின்னர், அசிட்டோனால் துடைத்தால் படலம் இழுபட்டு இன்னும் பரவும். இதற்கு மருந்து வெதுவெதுப்பான தண்ணீர். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் புதிதாக ஒன்று எடுத்து, தண்ணீர் மட்டும் விட்டுத் தேய்த்து, காய்வதற்குள் சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். வழுக்கல் போகும்வரை திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகுதான் உப்புத்தாள். முதலில் தேய்த்தால் படலம் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கழுவிய பிறகும் மங்கல் உள்ளே தெரிந்தால், இறுகுமுன்னே ஈரம் உள்ளே போயிருக்கிறது. தெளிந்த ரெசின் வரும்வரை தேய்த்து இறக்க வேண்டும். மழை நாளில் வேறு வழியில்லாமல் பூசியே ஆகவேண்டும் என்றால், சின்ன மூடிய அறையில் ஏசி போட்டு ஈரத்தை இறக்கிவிட்டு, பூசும்போது ஏசியை நிறுத்துங்கள்.

## ஊசித்துளை

முதல் கேள்வி: துளைகள் எங்கே இருக்கின்றன?

நெசவின் குறுக்குச் சந்திப்புகளில் வரிசையாக இருந்தால் முதல் கோட் துணிக்குள் இறங்கவில்லை. குளிரில் ரெசின் கெட்டியாக இருந்திருக்கும், அல்லது முதல் கோட்டைக் கஞ்சத்தனமாகத் தடவியிருப்பீர்கள். அடுத்த முறை ரெசின் புட்டியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி இளக்கிவிட்டுக் கலக்குங்கள். சூட்டில் வேகமாக இறுகும்; ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கோப்பையில் நிறைய வைத்தால் அது புகைய ஆரம்பிக்கும்.

ஒழுங்கில்லாமல் கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அடிப்பொருள் மூச்சு விடுகிறது. மரத்திலும் எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகையிலும் இது தவறாமல் வரும். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிந்து ரெசின் வழியாக வெளியேறும். பொருளை முதலில் சூடாக்கி, சூடு இறங்கும்போது பூசுங்கள். அப்போது துளைகள் காற்றை வெளியே தள்ளாமல் ரெசினை உள்ளே இழுக்கும். மாலையில் பூசுவது நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

ரெசின் ஈரமாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் ஹீட் கன்னை ஒரு வீச்சு வீசி நகர்த்துங்கள். ஒரே இடத்தில் பிடித்தால் துணிக்குள் இருக்கும் காற்றும் கிளம்பி நிலைமை மோசமாகும்.

இறுகிய பிறகு பார்த்தீர்கள் என்றால் மொத்தமாக ஒரு கோட் ஊற்ற வேண்டாம். ரெசின் துளையின் வாயை மூடிவிட்டுப் போகும், காற்று உள்ளேயே கிடக்கும், தேய்க்கும்போது துளை மறுபடி திறக்கும். 240-இல் தேய்த்து, துளைக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து வெளியேற்றி, கையுறை போட்ட விரலால் கொஞ்சமாக ரெசினை எடுத்து, துளையின் மேல் எல்லாத் திசையிலும் அழுத்தித் தேயுங்கள். பிறகு பிளாஸ்டிக் தகட்டால் மேலே இருப்பதை வழித்துவிடுங்கள். சுவருக்குப் பட்டி பார்க்கிற அதே கை அசைவு. இறுகியதும் ஈரத்துணிச் சோதனை. மிச்சம் இருந்தால் இன்னொரு சுற்று. பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் இதைவிடக் குறுக்கு வழி எதுவும் நிற்பதில்லை.

## ரெசின் வட்ட வட்டமாக விலகி நிற்கிறது

பெயிண்டர்கள் ஃபிஷ் ஐ என்பார்கள். எண்ணெய் அல்லது சிலிக்கான் பட்டிருக்கிறது. டேஷ்போர்டு பாலிஷ், செயின் ஸ்பிரே, கைப்பிசுக்கு, கம்ப்ரசரிலிருந்து வரும் எண்ணெய், இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள்.

சோதனை எளிது. அதே கலவையைச் சுத்தமான கண்ணாடித் துண்டில் பூசுங்கள். அங்கே விலகவில்லை என்றால் உங்கள் பொருளில்தான் அழுக்கு. அங்கேயும் விலகினால் ரெசின், பிரஷ், கன், காற்று இவற்றில் ஒன்று.

ஈரமாக இருக்கும்போதே என்றால் அந்தக் கோட்டைத் துடைத்தெடுத்துவிடுங்கள். இறுகிவிட்டால், முதலில் கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடையுங்கள். ஒரு துணியால் போட்டு, ஈரம் காயுமுன் இன்னொரு துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்தால் எண்ணெயை ஊரெல்லாம் பரப்புகிறீர்கள். பிறகு பள்ளம் சமமாகும்வரை தேய்த்து, மெல்லிய கோட். கம்ப்ரசர் எண்ணெய் என்று உறுதியானால் ஃபில்டர் மாற்றும்வரை கிளியர் அடிக்காதீர்கள்.

## வெள்ளை, வெள்ளிப் புள்ளிகள்

ஈரத்தில் மறைகின்றனவா? தேய்ப்புக் கீறல் அல்லது மேலே தட்டுப்பட்ட நார். அடுத்த கோட்டிலேயே போகும்.

ஈரத்திலும் நிற்கிறது, நெசவின் இடைவெளிகளில் அடிப்பொருளின் நிறமாகத் தெரிகிறதா? அடிப்பூச்சில் கறுப்பு போதவில்லை. நீலமான டேங்க் என்றால் நீலப் புள்ளி. துணியை எடுக்காமல் இதைச் சரிசெய்ய முடியாது. தள்ளி நின்று பார்க்கும் பாகம் என்றால் அப்படியே விடுங்கள் என்பது என் கருத்து.

தேய்க்கும்போது வந்ததா? தூசியின் நிறத்தைப் பாருங்கள். கிளியர் தேயும்போது தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக ஓடும். கறுப்புக் கோடு ஒன்று கலந்ததும் கையை எடுங்கள், நாரைத் தொட்டுவிட்டீர்கள். சாதாரணமாகப் பயன்படும் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ட்வில் (சாய்கோட்டு நெசவு) துணி கால் மில்லிமீட்டர் அளவே கனம். முனையிலும் மேட்டிலும் இரண்டு இழுப்பில் துணி முழுதும் போய்விடும். அதனால்தான் விளிம்பில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, மட்டமான இடத்தை முதலில் தேய்த்து முடித்துவிட்டு, கடைசியில் டேப்பை எடுத்து விளிம்பைக் கையால் மட்டும் தொடச் சொல்கிறேன். மெஷின் விளிம்புப் பக்கம் போகவே கூடாது.

நாரின் முதுகு மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் மேலே இரண்டு கோட் ரெசின் போட்டுச் சமன் செய்யலாம். ஒரு கோணத்தில் அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நெசவே அறுந்து அடிப்பூச்சு தெரிந்தால் ஒட்டுப் போடுவது கண்ணை உறுத்தும். முழுப் பாகத்தையும் 120-இல் தேய்த்து, திரும்பக் கறுப்பு பூசி, புதுத் துணி.

எந்தத் தேய்ப்பையும் தண்ணீர் விட்டே செய்யுங்கள். காய்ந்த கார்பன் தூசி தோலை அரிக்கும், மூச்சுக்குள் போகும். அதோடு மின்சாரத்தையும் கடத்தும். பிளக் பாயின்ட், சார்ஜர், கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம்.

## கண்ணாடி மாதிரி இருந்தது, வெயிலில் நின்றபின் நெசவு கையில் தட்டுகிறது

நம் ஊருக்கே உரிய தொல்லை என்று சொல்லலாம். அறைச் சூட்டில் இறுகும் பல ரெசின்கள் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் நிறுத்திய கறுப்பு டேங்க் அதைச் சாதாரணமாகத் தாண்டும். இளகிய ரெசின் இன்னும் கொஞ்சம் இறுகிச் சுருங்கி, நெசவின் மேடுபள்ளத்தில் படிந்துவிடுகிறது.

பிசகிப்போனது என்று பதற வேண்டாம். ஒரு வகையில் வெயில் உங்கள் வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறது. தடவினால் தட்டுகிறது, ஆனால் எங்கும் தூக்கவில்லை, உரியவில்லை என்றால்: கிளியரை 600-இல் சமமாகத் தேய்த்து, புது டூகே கோட் அடித்தால் போதும். இரண்டாம் முறை வருவது அரிது.

புதிதாகச் செய்பவர்கள் இந்தச் சூட்டைக் கடைசித் தேய்ப்புக்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். ரெசின் கோட்டெல்லாம் முடிந்து ஒரு நாள் ஆனதும், பிளைவுட் பெட்டிக்குள் பொருளை வைத்து, எட்டி ஒரு ஓரத்தில் பழைய குண்டு பல்பைப் போட்டு, உள்ளே தெர்மாமீட்டர் வையுங்கள். 40 டிகிரியில் இரண்டு மணி நேரம், 50-இல் இரண்டு மணி நேரம், பிறகு 60-இல் ஆறு மணி நேரம். மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்க வேண்டும். ரெசின் தாளில் வேறு கணக்கு இருந்தால் அதுதான் சரி. பெட்டிக்குள் தெர்மாகோல் ஒட்டாதீர்கள், தீப்பிடிக்கும். ஆள் இல்லாமல் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

எக்சாஸ்ட் அருகே இருக்கும் கவர், சைலன்சர் ஷீல்டு போன்றவற்றில் இந்த வைத்தியம் பலிக்காது. அதற்கென்று அதிகச் சூடு தாங்கும் ரெசினும் அடுப்பும் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

## மஞ்சள் பூக்கிறது, பொடி உதிர்கிறது

எபாக்சிக்கு வெயில் ஆகாது. மேலே யூவி தாங்கும் கிளியர் இல்லாமல் விட்டால் மஞ்சளாகி, பிறகு சுண்ணாம்பு மாதிரி பூக்கும். "யூவி ரெசிஸ்டன்ட்" என்று புட்டியில் எழுதியிருந்தாலும் அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

கண்ணில் படாத ஒரு மூலையை 800 வாட்டர் பேப்பரில் தேய்த்து ஈரத்தோடு பாருங்கள். கறுப்பு தெளிவாக வந்தால் மேல் தோல்தான் கெட்டிருக்கிறது: தேய்த்து, ஒரு கோட் ரெசின், இறுகியபின் டூகே கிளியர். ஆழம்வரை மஞ்சள் என்றால் துணிக்குச் சற்று மேல்வரை தேய்த்து இறக்கிப் புதிதாக ஏற்ற வேண்டும். துணியை உரசாமல் அதைச் செய்வது பழகிய கைக்கே கடினம். பிடித்தமான பொருள் என்றால் அனுபவப்பட்ட ஆளிடம் விட்டுவிடுங்கள்.

## கிளியர் உரிகிறது, டேங்க் வாயில் கறை

டேங்க் வாயைச் சுற்றி மட்டும் இளகி, சுருங்கி இருந்தால் அடித்தது டப்பா ஸ்பிரேயில் வரும் சாதாரண ஒரு பாகக் கிளியர். பெட்ரோல் பட்டால் அது கரையும். தின்னர் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள். பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகமே இல்லை. முழுக்க எடுத்துவிட்டு டூகே அடிக்க வேண்டும்.

தகடு தகடாக வந்தால் கீழே பிடிப்பு இல்லை. உரிந்த தகட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தால், பளபளக்கும் எபாக்சி மேல் தேய்க்காமலே அடித்திருக்கிறார்கள். தேய்ப்புக் கோடுகள் பதிந்தும் உரிகிறது என்றால் மேலே சொன்ன மெழுகுப் படலம் அல்லது எண்ணெய். பக்கத்தில் நன்றாக ஒட்டியிருப்பதாகத் தோன்றும் இடத்தில் பிளேடால் சின்னக் கட்டங்கள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் ஒட்டுப்போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், மொத்தமும் போகத்தான் போகிறது. வராவிட்டால் உரிந்த இடத்தின் விளிம்பை இறக்கித் தேய்த்து, அந்தப் பக்கம் முழுவதும் 600-இலிருந்து 800-க்குள் தேய்த்து அடிக்கலாம்.

டூகே கிளியரின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை நுரையீரலைப் பிடித்தால் ஆஸ்துமாவாக நின்றுவிடும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது, வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே தேய்ப்பு வரை நீங்கள் செய்யுங்கள். ஸ்பிரே வேலையைப் பெயிண்ட் பூத்தும் காற்றுக்குழாய் மாஸ்க்கும் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துச் சொல்வதில்லை. வண்டி வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் டேங்க் வாயில் பெட்ரோல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஓரம் தூக்குகிறது, உள்ளே தட்டினால் பொள்ளென்கிறது

ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் கணீரென்றும், விட்ட இடம் மொத்தென்றும் கேட்கும். பென்சிலால் எல்லை போட்டுக்கொண்டால் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கூர்மையான விளிம்பில் மட்டும் என்றால் துணி அங்கே மடங்க மறுத்திருக்கிறது. தூக்கியதை வெட்டி, விளிம்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உருட்டித் தேய்த்து, ரெசினால் மூடுங்கள்.

பிளாஸ்டிக் பாகத்தில் பரவலாக என்றால் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஏபிஎஸ் (ABS) என்றால் தேய்ப்பு போதாமல் விட்டிருக்கிறது. திரும்பச் செய்தால் நிற்கும். பிபி (PP, பாலிபுரொப்பிலீன்) என்றால் எபாக்சி அதில் ஒட்டவே ஒட்டாது. பிளாஸ்டிக் பிரைமர் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. நான் வேறு பாகம் தேடச் சொல்லிவிடுவேன்.

அலுமினியப் பாகத்தில், ஓரத்தில் வெள்ளைப் பொடியோடு கொப்புளம் என்றால் அது ஒட்டுக் கோளாறே அல்ல. கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஒரு கிளட்ச் கவரில் துணியை உரித்தபோது அடியில் கோலப்பொடி தூவியதுபோல் இருந்தது. சுரண்டியபின் உலோகத்தில் அம்மைத் தழும்பாகக் குழிகள். வண்டி தினமும் கடற்கரைச் சாலையில் ஓடுவது. துணி முழுவதையும் எடுத்து, வெள்ளையெல்லாம் போகத் தேய்த்து, அன்றே எபாக்சியும் மெல்லிய கண்ணாடி நார்த்துணியும் ஒரு அடுக்கு போட்டுப் பிரித்துவிட்டு, அதன்மேல்தான் கார்பன். போல்ட் துளையின் உள்சுவரையும் ரெசினால் மூடுங்கள். குழி ஆழமாக இருந்தால், ஆயில் தாங்கும் கவர் என்றால், லேத் பட்டறையில் காட்டாமல் திரும்ப மாட்டாதீர்கள்.

## விரிசல் தெரிகிறது

அழகுத் துணியில் விரிசல் விட்டால் அடிப்பொருள் வளைகிறது அல்லது உடைந்திருக்கிறது என்று பொருள். பேனலைப் பிடித்து மெதுவாக முறுக்கிப் பாருங்கள். விரிசல் வாய் திறந்தால் பின்பக்கத்திலிருந்து பலப்படுத்தாமல் முன்பக்கத்தைத் தொடுவதில் பயனில்லை. டேங்க் என்றால் விரிசலோரம் மூக்கை வையுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஹீட் கன்னையும் கிரைண்டரையும் அணைத்துவிட்டு, டேங்கைக் கழற்றி, கசிவு பார்க்கும் வெல்டரிடம் கொண்டுபோங்கள்.

ஹெல்மெட்டில் துணி ஒட்டியிருந்தால் சீர்செய்யாதீர்கள், போட்டுக்கொண்டு ஓட்டவும் செய்யாதீர்கள். பாலிகார்பனேட் ஓட்டைத் தின்னரும் பசையும் பலவீனமாக்கும், அது வெளியே தெரியாது. ஹேண்டில்பார், ஃபோர்க், சைக்கிளின் கார்பன் பிரேம் ஆகியவற்றில் தெரியும் கோடு வெறும் கிளியர் கோட்டின் கோடாக இருந்தாலும்கூட, கார்பன் ரிப்பேர் தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.